நுரை வராத மூன்று மாதம்

லாட்ஜின் பின்பக்கம் எங்கள் சலவை அறை. இரண்டு பெரிய மெஷின், ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு குழாய், மூலையில் சோப்புத் தூள் மூட்டை. நாற்பது அறைகளின் விரிப்புகளும் துண்டுகளும் கூட வேலை செய்யும் அக்காவும் நானும் துவைத்துத்தான் வெளுக்க வேண்டும்.

அக்காவுக்கு லாட்ஜில் எல்லோரும் வைத்த பெயர் ‘சல்லடை’. எதையும் சலித்துப் பார்க்காமல் ஏற்கமாட்டார். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரிலேயே தன் டம்ளரால் மறுபடி அளப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தால் பையை மடியில் இறுக்கிக்கொள்வார். “சிரிக்கிறவங்க எல்லாம் சும்மாவா சிரிக்கிறாங்க?” என்பார். சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்த கணவர் ஆறு வருஷமாகப் படுக்கையில். ‘நாளைக்கே வந்து பாக்குறேன்’ என்ற மேஸ்திரி இன்றுவரை வரவில்லை. அன்றிலிருந்துதான் யாரையும் நம்புவதில்லை என்று அக்கா சொல்வார். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று அவருடைய தங்கை சொல்வார். நான் தங்கை கட்சி.

ஒரு மாதம் வரும் மூட்டை இருபது நாளில் தீர்ந்தது. அடுத்த மாத மூட்டை பதினேழு நாளில். இத்தனை தூள் போட்டும் விரிப்புகள் அட்டை மாதிரி விறைத்தன, வெள்ளை பழுப்பானது. உடம்பு அரிக்கிறதென்று அறைக்காரர்கள் புகார் சொல்ல, மேனேஜர் சலவை அறைக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, மூட்டை கரையுதா, இல்ல கால் முளைச்சு நடக்குதா?”

அக்கா மூட்டையை அவர் முன்னால் இழுத்து வைத்தார். அவர் அதைப் பார்க்கவில்லை.

“இந்தத் தடவையும் பாதி மாசத்துல தீர்ந்துச்சுன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர் வர வேண்டாம். யாருன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்.”

அன்று மதியம் நான் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அக்கா என் பையைக் குடைந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார். என்னைக் கண்டதும் பதறவில்லை. “சும்மா பாத்தேன்” என்றார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலையை நம்பியிருப்பவள் நான். என் டப்பாவிலா சோப்புத் தூள் இருக்கும்?

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “எனக்கென்ன சார் தெரியும்?” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அக்கா வீட்டுல ஆள் படுக்கையிலேயே இருக்காரு. தினமும் துவைக்கத் துணி நிறைய சேரும்ல” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று வீடு போகும் வரை எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து வாட்ச்மேன் அக்காவின் பையை மட்டும் கேட்டில் கொட்டிச் சோதித்தார். கணவருக்கு வாங்கிய மாத்திரை அட்டைகள் எல்லோர் முன்னாலும் தரையில் விழும். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். நான் செருப்பு வாரை மாட்டுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்து வாசலிலேயே நின்றிருந்தார்.

“நீ இல்லாத ரெண்டு நாளும் நான் தனியாதான் துவைச்சேன். எட்டு மக்கு தூள் போதுற எடத்துல பதிமூணு மக்கு போச்சு.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்க்கா?”

“அதைத்தாண்டி சொல்றேன். நீ எடுக்கல. நானும் எடுக்கல, என்னையும்தான் கவனிச்சுப் பாத்துட்டேன். அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?”

அவர் குழாயைக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மூன்று மாதமாக ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, குழாயை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். இதை வாயில் வைத்ததே இல்லை. அக்கா ஒரு கை தண்ணீர் பிடித்து நாக்கில் வைத்து, “உப்பு” என்று துப்பினார். குழாயின் வாயில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். எங்கள் விரல்கள் வெடித்திருந்ததற்குத் தூளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தெருக்குழாயில் ஒரு பாட்டில், எங்கள் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தார். காலர் அழுக்குக்கு வைத்திருந்த பார் சோப்பைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டார். மேனேஜர் மேசை முன்னால் நின்று இரண்டையும் சேர்த்துக் குலுக்கினார். தெருத் தண்ணீர் கழுத்து வரை நுரைத்தது. எங்கள் தண்ணீர் கலங்கி, திரிந்த பாலைப்போல் மேலே ஆடை கட்டி நின்றது.

“எந்தத் தண்ணி சார் இது?” என்றார் அக்கா.

மேனேஜர் பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் தலையைச் சொறிந்தார். “ஓனர்தான் சொன்னாரு. பைப் தண்ணி பத்தலன்னு மூணு மாசமா பாதி டேங்க் போர் தண்ணி ஏத்துறோம். சாருக்குத்தான் தெரி...” என்று ஆரம்பித்து, மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் லாட்ஜில் இரண்டும் ஒரே மேசைக்கு எதிரும் புதிருமாக நின்றன.

சலவை அறைக்கு நல்ல தண்ணீர் லைனைத் தனியாகக் கொடுத்தார்கள். மன்னிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. “சரி, சரி, வேலையப் பாருங்க” என்பதோடு விஷயம் முடிந்தது.

அன்று விரிப்பை இரு முனையிலும் பிடித்து உதறும்போது அக்கா கேட்டார். “என் பையை மட்டும் ஏண்டி வாட்ச்மேன் கொட்டினான்? யாரோ சொல்லாம செய்ய மாட்டான். நீ ஏதாச்சும் சொன்னியா?”

விரிப்பின் முனையை நீவிவிட்டேன். “இல்லக்கா.”

அக்கா என் முகத்தையே பார்த்தார். மேனேஜரைப் பார்த்த அதே பார்வை. இப்போது பிடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். பிடித்தால் நல்லது என்றும் தோன்றியது.

“நீ சொல்லியிருக்க மாட்ட” என்றார். “உன்னைப் போய்க் கேட்டேன் பாரு.”

அக்கா வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மருந்துக் கடைக்காரர் மேல், பக்கத்து வீட்டுக்காரி மேல், சொந்தத் தங்கை மேல்கூட, சந்தேகம் எப்போது வந்தாலும் எனக்குத்தான் போன் செய்கிறார். “உங்கிட்ட மட்டும்தாண்டி நம்பிச் சொல்ல முடியுது” என்கிறார்.