சிம்பாங்கில் நிற்க ஓர் ஆள்

எங்கள் ஊருக்குக் கடைசி மேயர் நான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. மற்ற எல்லோரும் வீடு மாறிப் போய்விட்டதால் பதவி தானாக என் தலையில் விழுந்தது. பட்டம் கொடுத்தவள் என் மனைவி. "மேயரே, குப்பை நெறைஞ்சு போச்சு, கொண்டுபோய் கொளுத்துங்க" என்பாள். தன் ஊர்க் குப்பையைத் தானே கொளுத்துகிற மேயர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஊர் என்று நான் சொல்கிறேனே தவிர, எந்த அலுவலகமும் அதை ஒப்புக்கொண்டதில்லை. சுங்கை வே பக்கத்திலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதைக்கும் ஒரு பெரிய சாக்கடைக்கும் நடுவில் நீளமாகக் கிடந்த துண்டு நிலம் அது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு நகராண்மைக் கழகம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. தெருவிளக்கு கேட்டுப் போனால் இவர்கள் அவர்களைக் கை காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டுவார்கள். என் அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூலி. கோட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னபோது பலகையும் தகரமும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து ஒரு வீட்டை அடித்தார். அவர் பின்னால் மற்ற ரயில்வேக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதலில் வெறும் கம்பம், மலாயில் கிராமம் என்று அர்த்தம். தலைக்கு மேல் ஹைவே பாலம் வந்த பிறகு பாலத்தடிக் கம்பம்.

ஒரு தேர்தலில் தண்ணீர்க் குழாய் வந்தது, இன்னொரு தேர்தலில் கரண்டு வந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டு வேறு ஊரில் இருக்கிறது என்பதை நாங்கள் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. முகவரி இல்லாத ஊர்க்காரன் அடையாள அட்டையில், அதுதான் ஐசியில், இரவல் முகவரிதானே போட வேண்டும்? என் ஐசிப்படி நான் வாழ்நாள் முழுக்க பிரிக்பீல்ட்ஸில், சித்தப்பா வீட்டில் வாழ்ந்தவன். அந்த வீட்டில் நான் படுத்தது ஏதோ இரண்டு மூன்று ராத்திரி, அதுவும் சமையலறை மேசைக்கு அடியில். ஆக, காகிதத்தில் பார்த்தால் பாலத்தடிக் கம்பத்தின் மக்கள்தொகை எந்தக் காலத்திலும் பூஜ்யம். நேரில் பார்த்தால், நான் ஒரு தும்மல் போட்டால் ஐந்து வீடு தள்ளி ஒரு குரல், "யாருடா அது, மழையில ஆடினவன்?" என்று கேட்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு விருந்தாளி எப்படி வருவான்? மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் வழி, லோரிகள் நிறுத்தும் பொட்டலின் மூலையில் ஒளிந்திருந்தது. தெரியாதவன் அதை லோரி கழுவுகிற இடம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவான். அதனால் யாராவது சிம்பாங்கில், அந்த முனையில், நின்று கை காட்ட வேண்டும். கல்யாணமோ சாவோ, சமையலுக்கு ஆள் பார்த்து, கூடாரத்துக்குச் சொல்லி முடித்ததும் பெரியவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "யாரு சிம்பாங்?" என்பதுதான். கேள்வி முடிவதற்குள் இரண்டு மூன்று பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கா பஞ்சம்?

எனக்குப் பெண் பேசிய நாளில் மட்டும் பஞ்சம் வந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். சிம்பாங் நிற்க வேண்டிய என் பக்கத்து வீட்டுக் கூட்டாளி, முதல் நாள் எங்கேயோ ஓசிப் பிரியாணி சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வேறு ஆள் தேட நேரமில்லை. நானே போய் நின்றேன். கார் வந்தது. முன் சீட்டிலிருந்து பெண்ணின் தாய்மாமன் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, மாப்பிள்ள வீட்டுக்கு இதான் வழியா?"

"ஆமா அங்கிள். நேரா போங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பையன் எப்படி? தண்ணி கிண்ணி போடுவானா?"

"தங்கமான பையன் அங்கிள். டீயைக்கூட ஆத்திதான் குடிப்பாரு."

"வேலையில எப்படி?"

"பேக்டரியில அவரு இல்லன்னா கதவே தொறக்காது அங்கிள்."

அது பொய்யில்லை. ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. கார் உள்ளே போனதும் நான் சாக்கடை ஓரமாக ஓடி, கொல்லைப்பக்கம் நுழைந்து, முகம் கழுவி, தலை சீவி, மாப்பிள்ளையாக வெளியே வந்தேன். தாய்மாமன் வாயிலிருந்த டீயைச் சட்டையில் துப்பிக்கொண்டார். கூடவே வந்திருந்த பெண் தலையைக் குனிந்தபடி தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். "ஐயோ, பொண்ணு அழுவுதே" என்று என் அம்மா பதறினார். அவள் அழவில்லை. பிற்பாடு பல வருடம் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்: "பொய்யின்னு தெரியும். ஆனா சிரிச்சிட்டேன். சிரிச்ச பொறவு எப்படி வேணாம்னு சொல்றது?"

அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. ரயில் பாதையை அகலமாக்கியபோது முன்வரிசை வீடுகள் போயின. பாலத்தின் தூண்களுக்காக நடுவில் இருந்தவை போயின. மிச்சம் இருந்தவர்களுக்கு மலிவுவிலை பிளாட் கிடைத்தது. ஒரு மாதம் இந்தக் குடும்பம் கிள்ளானுக்கு, அடுத்த மாதம் அந்தக் குடும்பம் பூச்சோங்குக்கு. சாமான் ஏற்ற வருகிற லோரிக்காரனுக்கும் வழி தெரியாது அல்லவா? அதற்கும் நான்தான் சிம்பாங்கில் நின்றேன். என் ஊரைக் காலி செய்ய வந்த ஒவ்வொரு லோரிக்கும், "வாங்க வாங்க, இந்தப் பக்கம்" என்று நானே கை காட்டி உள்ளே விட்டேன். இப்படி ஒரு முட்டாள் மேயரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

எங்களுக்கும் பிளாட் வந்தது. நாலாவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது, அவளுக்கு முட்டிவலி. காஜாங்கில் இருக்கும் எங்கள் மகள், "ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொண்டிருந்தாள். போவதாகத்தான் முடிவு செய்தோம். தீபாவளி இங்கே, பொங்கல் அங்கே என்று என் மனைவி தேதி வைத்தாள். அதற்குள் எங்கள் கடைசி அண்டை வீட்டுக்காரர், அந்தோணியார் படம் மாட்டியிருந்த வீட்டு அக்கா, மகனோடு பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய்விட்டார். போகும்போது தன் பூனையை எங்களிடம் விட்டுப் போனார். பூனைக்கு எங்களைப் பிடிக்கவில்லை. அதுவும் போய்விட்டது.

இப்போதுதான் போனே வழி காட்டுமே என்பீர்கள். காட்டும். எங்கள் வீட்டு இடத்தை அனுப்பினால் அந்தப் புள்ளி நேரே ஹைவே பாலத்தின் மேல் போய் உட்காரும். ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தவர் போன் செய்து, "அங்கிள், நான் உங்க வீட்டுக்கிட்டதான் நிக்கிறேன், வீட்டைக் காணோம்" என்றார். அண்ணாந்து பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள்: "கயிறு கட்டி எறக்கச் சொல்லுங்க!"

ஒரு சாயங்காலம் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, ஒரு ஊருன்னா கொறஞ்சது எத்தன பேரு வேணும்?"

"ரெண்டு பேரு போதும். ஒருத்தர் மேயர். இன்னொருத்தர் மேயரைத் திட்ட."

"பத்தாது. எனக்கு ஒண்ணுன்னா, பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணும், சிம்பாங்ல நிக்க ஒரு ஆளு வேணும். நீங்க ஒரு ஆளுதான இருக்கீங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது லா. நீ போடுற சத்தத்துக்கே ஆம்புலன்ஸ் வழி கண்டுபிடிச்சு வந்துடும்."

கையிலிருந்த முருங்கைக்காயால் என் தோளில் ஒன்று போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தீபாவளி முடிந்திருந்தது. பாதிச் சாமான் பெட்டியில் கட்டிக் கிடந்தது. காலையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, அவள் திடீரென்று அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க."

"நான் இங்கதான இருக்கேன், வேற யாரு அது?" என்றேன்.

என் வாய் அப்படிப் பழகிவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அவள் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஊற்றுவதைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு மலாய்ப் பெண், மரியாதையாக, "அலாமாட், அங்கிள்?" என்று முகவரி கேட்டாள். பாலம், சாக்கடை, லோரிப் பொட்டல் என்று எனக்குத் தெரிந்த மலாயில் ஊரின் சரித்திரம் முழுவதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டி புறப்படுகிறது, யாரையாவது மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள் என்றாள்.

யாரையாவது.

மகளுக்கு அடித்தேன். காஜாங்கிலிருந்து அந்த நேரத்து ஜாமில் அவள் எப்போது வந்து சேர? பழைய பக்கத்து வீட்டுக் கூட்டாளிக்கு அடித்தேன். அவன் கிள்ளானில் வேலையில் இருந்தான். "இதோ கெளம்பிட்டேன்டா" என்று கத்தினான். தலையணையைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்து, சுவரோடு சாய்த்து உட்காரவைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க போங்க" என்றாள்.

"வேணாம். நான் ஒன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"உக்காந்து என்னா செய்வீங்க? ஜோக்கு சொல்லுவீங்களா? போய் நின்னாத்தான வருவாங்க. போங்க."

கையை அவள்தான் விட்டாள்.

ஓடினேன். நான் ஓடினேன் என்று சொல்வது என் முட்டிக்குத் தெரிந்தால் சிரிக்கும். சிம்பாங்கில் நின்று ரோட்டைப் பார்த்தேன். கார் போகிறது, பஸ் போகிறது, ஆம்புலன்ஸைக் காணோம். அப்புறம் சைரன் கேட்டது. தலைக்கு மேலே கேட்டது. பாலத்தின் மேல் வந்து, தாண்டிப் போய், தேய்ந்து மறைந்தது. நான் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். திரும்ப போன் செய்தேன். இறங்கி வரச் சொல்லுகிறோம், வேறு யாராவது கூட இருக்கிறார்களா, அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். மோட்டார் சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தக் கையை ஆட்டினேன். அவர் என்னைத் தெரிந்தவன் என்று நினைத்து, சிரித்தபடி பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். வாழ்க்கை முழுக்க ஆட்களைச் சிரிக்கவைத்தே பழகிய மூஞ்சி. அவசரம் என்று எழுதி ஒட்டினாலும் யார் நம்புவார்கள்?

ஒரு கால் வீட்டுப் பக்கம் திரும்பும், ஒரு கால் ரோட்டுப் பக்கம் திரும்பும். பாதி தூரம் வீட்டை நோக்கி நடந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து வண்டி தாண்டிப் போய்விடுமோ என்று திரும்பி வந்தேன். சைரன் மறுபடி மேலேயே கேட்டது. அப்புறம் ஒருவழியாகக் கீழே வந்தது. கை காட்டினேன். வண்டிக்கு முன்னால் நானே ஓடி வழி காட்டினேன்.

அவள் அடுப்படியில் இல்லை. எப்படியோ நகர்ந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கதவு நிலையில். முகம் நான் வரும் பாதையைப் பார்த்து. நான் தூரத்திலிருந்தே, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு வந்தேன். கண் திறந்துதான் இருந்தது.

வந்த இளைஞர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வெகுநேரம் செய்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் என் தோளில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம், கடைசியாக அம்மாவுடன் யார் இருந்தது என்று கேட்டார். எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார், வேறொன்றுமில்லை. ஒரு காலத்தில் அந்த வாசலில் ஒருத்தி மயங்கி விழுந்தால் தண்ணீர் செம்போடு எத்தனை பேர் ஓடி வந்திருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"யாரும் இல்லை" என்றேன்.

மறுநாள் கம்பம் முழுக்க ஆட்கள். கிள்ளானிலிருந்து, பூச்சோங்கிலிருந்து, பிளாட்டுகளிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்தோணியார் வீட்டு அக்கா ஜெபமாலையோடு வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். இடிந்து கிடந்த தங்கள் வீட்டுத் தளங்களின் மேல் நாற்காலி போட்டு, அவரவர் பழைய வாசலிலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடாரம் போட்டாயிற்று. டீ வந்தாயிற்று. பிண வண்டிக்காரருக்கு வழி தெரியாது என்று யாரோ சொன்னார்கள்.

"யாரு சிம்பாங்?"

நான் எழுந்துவிட்டேன். செருப்பைத் தேடிக் காலை விட்டும்விட்டேன். பிரியாணி சாப்பிட்டுப் படுத்த அதே கூட்டாளி ஓடி வந்து என் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தான். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது.

"எங்கடா போற? நீ உள்ள போய் அவ பக்கத்துல உக்காரு. நாங்க நிக்கிறோம்."

ஒருவன் போனான். அவன் பின்னால் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவு பேர் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்த பிண வண்டிக்காரர், ஏதோ விபத்து போலிருக்கிறது என்று பயந்து வேகத்தைக் குறைத்தாராம். அத்தனை கையும் ஒன்றாக உள்ளே காட்டியதாம். கூட்டாளிதான் வந்து சொன்னான்.

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றும் வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.