மொக்கம்மாளை மதுரைக்குக் கொண்டுபோன வண்டி

சின்னமனூர் ஒச்சாண்டிக்கு வண்டி ஓட்டுவதைவிட அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவதில்தான் ஆசை அதிகம். பதினாறு வயதில் மேகமலை எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறியவன், பாதி வாலிபத்தை லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தான். கையெழுத்துப் போடத் தெரியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். யுத்தம் நடந்த காலத்தில் அவனுக்கு வயது முப்பத்தைந்து. உத்தமபாளையம் அமானுல்லா ராவுத்தரிடம் டிரைவராக இருந்தான். ராவுத்தர் மலையிலிருந்து ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் இறக்கி வியாபாரம் செய்பவர். அவரிடம் இருந்தது ஒரே வண்டி, எஸ்டேட் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய அமெரிக்கப் பிக்கப்.

அந்தப் பிக்கப்புக்கு உயரம் ஜாஸ்தி. மலை வளைவில் மூட்டையோடு திரும்பினால் ஆடும். ஒருமுறை ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, பள்ளத்தைப் பார்த்து நின்று, மனசு மாறியதுபோல் மறுபடி இறங்கியது. அன்றைக்கே ஒச்சாண்டி முடிவு செய்துவிட்டான். முன்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கழற்றி, வண்டியை மூன்று அங்குலம் கீழே இறக்கினான். அதன்பின் வண்டி ஆடவில்லை. ராவுத்தர் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஆனால் வேறொரு வினை வந்தது. முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர் உண்டு. எண்ணெய் நிரம்பிய இரும்புக் குடுவை. அதிலிருந்து ஒரு கை நீண்டு, சின்னக் கம்பியால் அச்சோடு சேர்ந்திருக்கும். சக்கரம் குழியில் விழுந்து எழும்போது அந்தக் கை அசைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வண்டி கீழே இறங்கியதும் அந்தக் கைகளுக்கு அசைய இடமில்லை. குழிக்குக் குழி இரும்போடு இரும்பு மோதியது. ஒரு மாதத்தில் ஷாக்கைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டும் விண்டுபோயின. ஒச்சாண்டி ஷாக்குகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி ஷெட்டு மூலையில் போட்டான்.

"மூட்டைக்கு முதுகா வலிக்கப் போகுது?" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

நாற்பத்து நாலாம் வருஷம் தை மாதம். மார்க்கையன்கோட்டை வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒச்சாண்டியின் பெண்சாதி மொக்கம்மாள் வண்டிமேல் நின்று வைக்கோலை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். மாடு எதற்கோ மிரண்டது. வாய்க்கால் கரையிலிருந்து ஒரு சக்கரம் சறுக்கியது. மொக்கம்மாள் மடைக்கல்லின் மேல் மல்லாந்து விழுந்தாள்.

தகவல் கிடைத்து ஒச்சாண்டி பிக்கப்போடு வந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கை அன்னத்தாய் காலைப் பிடித்துப் பார்த்து, "வெரலு அசையுது மச்சான், பயப்படாதீக" என்றாள். நாலு பேர் சேர்ந்து தூக்கி, பிக்கப்பில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். அன்னத்தாயும் கூடவே ஏறிக்கொண்டாள். உத்தமபாளையத்தில் தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். அங்கே பத்து மைல். ஒச்சாண்டி வண்டியை விரட்டினான். ரோடெல்லாம் மாட்டுவண்டித் தடம். குழிக்குக் குழி அவள் அலறினாள். சின்னமனூர் தாண்டியதும் சத்தம் நின்றது. வலி குறைந்துவிட்டது என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக ஓட்டினான்.

டாக்டர் ஊசியை எடுத்து அவள் காலில் அங்கங்கே குத்தினார். மொக்கம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். வலது பெருவிரலில் குத்தும்போது மட்டும் முகம் லேசாகச் சுளித்தது.

"எதுல கொண்டாந்தே?" என்று டாக்டர் கேட்டார்.

"பிக்கப்புலய்யா."

"விழுந்த எடத்துல கால் அசைஞ்சுச்சா?"

"வெரலு அசைஞ்சுச்சுன்னு இவ சொன்னா."

டாக்டர் வெளியே போய்ப் பிக்கப்பின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் கார் இருந்த காலம் ஒன்று உண்டு, ஷாக் இல்லாதது கண்ணில் பட்டுவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஒச்சாண்டிக்குத் தோன்றியது.

"முதுகெலும்பு ஒடிஞ்சிருக்கு. உள்ள ஓடுற நரம்பு முழுசா அறுபடலேன்னு நினைக்கிறேன். மூணு நாளைக்குள்ள மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும். பலகையில மல்லாக்கக் கட்டி, அசையாமக் கொண்டுபோகணும். இன்னொரு வாட்டி இப்படித் தூக்கிப் போட்டா மிச்சம் இருக்கிறதும் போயிரும்."

அறுபது மைலுக்கு மேல். ரயில் இல்லை, போடி லைன் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் உட்காரத்தான் இடம், படுக்க இடமில்லை. மாட்டுவண்டியில் போனால் மூன்று நாளும் வழியிலேயே போகும், குலுக்கலும் குறையாது. மிஞ்சியது அதே பிக்கப்தான்.

கழற்றிய ஸ்பிரிங் பட்டைகளைத் திரும்பப் போட்டு வண்டியை உயர்த்தலாமென்றால், அவற்றைச் சின்னமனூர்க் கொல்லன் பலவேசம் அரிவாளாக அடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேறு பட்டைக்கு அந்தக் காலத்தில் எங்கே போவது? வண்டி இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும், ஷாக்கை மட்டும் மூன்று அங்குலம் மேலே தூக்கி மாட்டினால் கைக்கு அசைய இடம் கிடைக்கும். ஒச்சாண்டிக்கு இது முன்பே தெரியும். ஒரு நாள் வேலை. மூட்டைக்காக அந்த ஒரு நாளைச் செலவழிக்க அவன் சோம்பினான்.

மொக்கம்மாளை டாக்டர் வீட்டிலேயே அன்னத்தாயின் காவலில் விட்டுவிட்டுப் பலவேசத்தின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தான். சாக்கை அவிழ்த்தால் ஷாக்குகளில் எண்ணெய் வற்றியிருந்தது. அதற்கான எண்ணெய் மதுரையிலேயே கிடைக்காது. செக்கில் விளக்கெண்ணெய் வாங்கி வடிகட்டி ஊற்றினான். கையை அசைத்துப் பார்த்தான். கெட்டியாக, நிதானமாக நகர்ந்தது. தேய்ந்திருந்த அடைப்புக்குத் தோலை வெட்டி வைத்தான். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் விளிம்புக்கு மேலே ஷாக்கை நிறுத்த உயரமான தகடு வேண்டும். பலவேசம் மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டா இரும்பைக் காய்ச்சி நிமிர்த்திக் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் மாட்டியாயிற்று.

மறுநாள் காலையில் ராவுத்தரின் இன்னொரு ஆளான சுருளியாண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு, ஒச்சாண்டி பின்னால் வெறும் பலகையில் மல்லாந்து படுத்தான்.

"மார்க்கையன்கோட்டை ரோட்டுக்கே விடு. நான் சொல்ற வரைக்கும் நிப்பாட்டாத."

முதல் ஒரு மைல் மெத்தென்று போயிற்று. பிறகு ஒரு குழி. அதற்கடுத்த குழியில் முன்பக்கம் டங்கென்று சத்தம் கேட்டது. அவன் தலை பலகையில் மோதியது. அடுத்த குழியில் முதுகு முழுதும் எழும்பி விழுந்தது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் எப்படி வந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. கால் மைல் அப்படியே கிடந்து குலுங்கினான். சுருளியாண்டியே பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, ஒச்சாண்டி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

பட்டா இரும்பு வாழைமட்டை மாதிரி மடங்கியிருந்தது.

"இது தாங்காதுப்பா. மெலிசு" என்றான், பட்டறைக்குத் திரும்பியதும் அதை வாங்கிப் பார்த்த பலவேசம்.

"கனமா என்ன இருக்கு ஓங்கிட்ட?"

பலவேசம் துருத்தியை ஊதத் தொடங்கினான்.

"பலவேசம், அவளுக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. இருந்தா குடு. இல்லேன்னா என்னைய அடிச்சுப் போடு."

பலவேசம் எழுந்து, கரிக்குவியலைக் கையால் தள்ளி, அடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகளை இழுத்தான். தண்டவாளத்தோடு தண்டவாளத்தைச் சேர்க்கும் ரயில் பட்டை. விரல் கனம், பட்டைக்கு நாலு துளை. லைனைப் பெயர்த்தபோது எப்படியோ அவனிடம் வந்து சேர்ந்தவை.

"சர்க்கார் சாமான். கண்டாக்க ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போட்டுருவாக. கேட்டா நீயே எடுத்ததுன்னு சொல்லு" என்றான்.

"சொல்றேன்."

பட்டை கிடைத்தது, துளைகள் பொருந்தவில்லை. கைத்துரப்பணத்தின் அலகு இரண்டாவது துளையிலேயே ஒடிந்தது. மிச்சத்தை வட்ட அரத்தால் ராவவேண்டியதாயிற்று. ஒச்சாண்டி உட்கார்ந்து ராவினான். உள்ளங்கைத் தோல் உரிந்து அரத்தின் பிடி வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு ராவினான். நடுப்பகலில் ராவுத்தர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். மதுரைக்குப் போய்வரப் பெட்ரோல் ரேஷன் கூப்பன்களையும் கொண்டுவந்திருந்தார்.

"சாப்பிட்டுட்டுச் செய் ஒச்சாண்டி."

"ஷாக்கைக் கழட்டினப்பவே நீங்க என்னைய வைஞ்சிருக்கணும் ராவுத்தரய்யா."

"நானும் சிரிச்சவன்தானப்பா" என்றார் அவர். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு பட்டையின் மறுமுனையை அமுக்கிப் பிடித்தார். சாயங்காலம் வரை அவர் போகவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வண்டி மறுபடி அதே ரோட்டுக்குப் போனது. ஒச்சாண்டி மறுபடி பலகையில் படுத்தான். குழி வந்தது, முன்பக்கம் மெல்ல அமுங்கி மெல்ல எழுந்தது. முதுகு பலகையை விட்டு எழும்பவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். டாக்டர் வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி, மொக்கம்மாளை அதன்மேல் கிடத்தி, வேட்டிகளால் கட்டி, வைக்கோல்மேல் வைத்தார்கள். அன்னத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒச்சாண்டி ஓட்டினான், பக்கத்தில் சுருளியாண்டி. சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று வண்டி மாட்டைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது. ஆண்டிபட்டியில் நிறுத்திப் பார்த்தபோது மொக்கம்மாள் தண்ணீர் கேட்டாள்.

கணவாய் ஏற்றத்தில் ஸ்டீரிங் அவன் கையில் வேறு மாதிரி உதறியது. குதித்து இறங்கிப் பார்த்தான். இரும்புப் பட்டை அசையாமல் நின்றது. இடது ஷாக்கின் தோல் அடைப்பு கிழிந்து விளக்கெண்ணெய் முழுதும் சக்கரத்தில் வழிந்திருந்தது. கை வெறுமனே ஆடியது. கைவசம் எண்ணெயும் இல்லை, தோலும் இல்லை. மதுரைக்கு இன்னும் முப்பது மைலுக்கு மேல் கிடந்தது.

"திரும்பிருவமா?" என்றான் சுருளியாண்டி.

"எங்கன திரும்புறது?"

ஒச்சாண்டி சுருளியாண்டியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினான். இடது பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, கதவின் அந்த விளிம்பைத் தூக்கித் தன் தொடைகள்மேல் வைத்துக்கொண்டான். எதிர்ப்பக்கத்தில் அன்னத்தாயும் அப்படியே செய்தாள். கதவு தரையைத் தொடவில்லை. குழி வரும்போதெல்லாம் மரச்சட்டம் தொடையில் இறங்கியது. உசிலம்பட்டிக்குள் அவன் கால்கள் மரத்துவிட்டன. அப்போதும் கையால் கதவை ஏந்திக்கொண்டிருந்தான். செக்கானூரணி தாண்டி அன்னத்தாய் ஒருமுறை மயங்கிச் சாய்ந்து, தானே நிமிர்ந்து உட்கார்ந்தாள். மொக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு இருக்கிறதா என்று அவன் அடிக்கடி அவள் மூக்கருகே விரலை வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கினார்கள். ஒச்சாண்டியால் எழ முடியவில்லை. அவனையும் இரண்டு பேர் பிடித்து இறக்கவேண்டியிருந்தது.

மூன்று மாதம் மாவுக்கட்டு. சித்திரை முடியும்போது மொக்கம்மாளின் வலது காலுக்கு உயிர் வந்தது. இடது கால் வரவே இல்லை. வைத்தியம் பார்த்த டாக்டரிடம் ஒச்சாண்டி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தக் காலு விழுந்ததுல போனதாய்யா, வழியில போனதா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. முதல் நாளே போயிருக்கு. மதுரைக்கு வர்ற வழியில ஒண்ணும் கெடல."

அந்த முதல் நாளில்தான் விழுந்ததும் இருந்தது, அவன் விரட்டிக்கொண்டுபோன பத்து மைலும் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு மொக்கம்மாள் கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடமாடினாள். வயலுக்குப் போக முடியவில்லை. ஒச்சாண்டி அதன்பின்னும் ராவுத்தரின் பிக்கப்பையே ஓட்டினான். தினமும் எடுக்குமுன் முன் சக்கரங்களின் பக்கம் படுத்து ஷாக்கைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். ஒரு வருஷம் எதையும் சொல்லாமல் இருந்தான். ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, கை வைக்காமல் சொன்னான்:

"புள்ள, அன்னிக்கு வண்டியில ஷாக் இல்ல. நான்தான் கழட்டிப் போட்டிருந்தேன்."

"தெரியும்யா."

"யாரு சொன்னா?"

"நீதான். கதவை மடியில தாங்கிக்கிட்டு மதுரை வரைக்கும் அதையேதான பொலம்பிக்கிட்டு வந்தே."

அவனுக்கு அது நினைவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அகப்பையால் கலக்கினாள்.

"நான் என்ன சொல்லணும்னு பாக்குற? ஒம் மேல தப்பு இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சோத்தைத் தின்னு" என்றாள்.

ஒச்சாண்டி தின்றான்.