ஞாயிற்றுக்கிழமை அடித்த மணி

முருகன் படத்துக்குப் பின்னால்தான் அந்த மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருந்தேன். மாமியார் எதைப் புரட்டினாலும் சாமி படத்தைப் புரட்டமாட்டார் என்ற தைரியம். அறுபதுகளின் கடைசி அது. பலாபத்வலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லய வரிசையில் எங்களுக்கு ஒரேயொரு அறை, காம்பரா என்போம். எனக்குப் பத்தொன்பது வயது, என் வீட்டுக்காரருக்கு இருபத்திரண்டு. தலைப்பிரசவத்தில் மகனைப் பெற்று, உதிரம் நிற்காமல் மாத்தளை ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தவள் நான். இரண்டு வருஷத்துக்கு அடுத்த பிள்ளையை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நினைக்காமல் இருக்கலாம். ஆசை தீராத இரண்டு இளசுகள் விலகிப் படுப்பதல்லவா பெரும்பாடு!

எங்களைக் காப்பாற்றியவர் மிஸ்ஸி, தோட்டத்து டிஸ்பென்சரியின் மருத்துவச்சி. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், கல்யாணமும் ஆகவில்லை, ஆனால் வாயைத் திறந்தால் லயமே வெட்கப்படும். என்னோடு சேர்த்துப் பதினாலு பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தார். எங்களில் ஒருத்தி வீட்டிலும் கடிகாரம் இல்லை. "விடியப் பெரட்டு மணி அடிச்ச உடன ஒண்டை விழுங்குங்கோ, மறக்கமாட்டியள்" என்றார். ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் மணி அது. நாங்களும் மணி கேட்டதும் தவறாமல் விழுங்கினோம்.

மூன்று வாரம் கழித்து மிஸ்ஸி அட்டைகளை வாங்கிப் பார்த்தார். எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். முதல் அட்டையில் மூன்று மிச்சம், அடுத்ததிலும் மூன்று, என்னுடையதிலும் மூன்று.

"மணி அடிச்சா முழுங்கச் சொன்னீங்க மிஸ்ஸி. ஞாயித்துக்கிழமைதான் பெரட்டு இல்லையே, யாரு மணி அடிப்பாங்க?" என்றேன்.

மிஸ்ஸி தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையில உங்கட மனுசன்மார் கோயிலிலயோ படுக்கினம்?"

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது. மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிழை என்னிலதான். பத்து நாள் பாப்பம், நான் இருக்கிறன்" என்றார். அந்த நாட்களில் நானும் வீட்டுக்காரரும் சோறு இறங்காமல் கிடந்தோம். எட்டாம் நாள் தீட்டு வந்தது. டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மிஸ்ஸி என் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார் பாருங்கள், அப்படியொரு ஆட்டம்!

புது அட்டை தொடங்கிய வாரத்து ஞாயிறு விடியலில் பெரட்டு மணி கணகணவென்று அடித்தது. மிஸ்ஸியின் ஏற்பாடு. மணிக்காரரின் மனைவியும் எங்கள் பதினாலு பேரில் ஒருத்தி. ஆண்கள் பதறியடித்து ரப்பர் பால் வாளியோடு ஓடினார்கள். கங்காணி அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டே, "எவன்டா அடிச்சான்? இன்னைக்கு ஏதுடா பெரட்டு?" என்று கத்தினார். "இது மருந்து மணிங்க" என்றார் மணிக்காரர். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமியார் எப்போது வெளியே போவார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"சாமிக்குப் பின்னால இருக்கறத எடுத்து முழுங்கு. மணி அடிச்சிருச்சில்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாலு வருஷம் கழித்து, உடம்பு தேறி, நாங்களே வேண்டுமென்று ஆசைப்பட்டு மகள் பிறந்தாள். இப்போது மாத்தளை டவுனில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். பிரஷர் மாத்திரையை அதே முருகன் படத்துக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலைகளில் மகள் தண்ணீரோடு வந்து நின்று, "மணி அடிச்சிருச்சும்மா" என்கிறாள்.