எவர்சில்வர் டப்பாவுக்குள் போன பெட்டி

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். வாய்க்கால் கரையை ஒட்டி வயல்கள், வயல்களைத் தாண்டினால் பள்ளிவாசல். அந்தக் கரை வழியாகத்தான் தினமும் மொபெட்டில் தொழுகைக்குப் போய் வருகிறேன்.

கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எங்கள் வயல்களில் நீர்மட்டம் பார்க்கும் குச்சிகளை நட்டார்கள். ஒரு குச்சி பக்கத்துக் குச்சிக்குச் சேதி சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் ஊர்க் கம்பத்துக்கு வந்து எங்கள் போனில் தெரியும். கம்பத்தை ஒட்டி நின்றவைதான் பாவம், எல்லாச் சேதியும் அவற்றின் தலையில். பாட்டரி தீர்ந்து அவை முதலில் ஓய்ந்தன. பின்னால் இருந்த வயல்களெல்லாம் ஊமையாகிவிட்டன.

அந்த வேலையைக் கவனித்த பெண் ஒரு சின்னப் பெட்டியை என் மொபெட்டில் கட்டினார். “இனி ஒண்ணோட சேதியை இன்னொண்ணு சுமக்க வேண்டாம். நீங்க கடக்கும்போது இதுவே கேட்டு வாங்கிக்கும். ஊர்க் கம்பத்துக்கிட்ட வந்ததும் கொடுத்துடும்.”

“ஏம்மா, பால்காரர் இருக்காரே?”

“அவர் ஒரு நாள் வருவார், ஒரு நாள் வரமாட்டார். நீங்க தொழுகையை விட மாட்டீங்களே.”

கடைக்கோடி வயல் ஓர் அக்காவுடையது. நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கிய நிலம். மற்றவர்கள் வயலை நேரில் போயும் பார்த்துக்கொள்வார்கள்; முட்டி வீங்கி அவரால் அங்கே நடக்க முடியாது. போனில் வரும் அளவை நம்பித்தான் சம்பா நட்டிருந்தார். ஐப்பசி மழை பிடித்ததும் தன் வீட்டு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார்.

“பெட்டி நனைஞ்சா என் வயலு பேசாது பாய். இதுல மூடி வைங்க.”

வைத்தேன். குச்சியைக் கடக்கும்போதெல்லாம் பெட்டி ‘கிக்’ என்று ஒலிக்கும். அது கேட்கவில்லை. மூடியிருக்கிறதே, எப்படிக் கேட்கும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் விடாத மழை. தலையைக் குனிந்தே ஓட்டியதில் வயல்களை நான் கவனிக்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் புறப்பட்டபோது அக்கா வாசலிலிருந்து போனை ஆட்டினார்.

“ஊரெல்லாம் பேயுது பாய், என் வயல்ல மட்டும் மழையே இல்ல போல. அதே ரெண்டு விரக்கடை தண்ணிதான்.”

“ஆண்டவன் குடை பிடிச்சிருக்கான்க்கா” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

கரையேறியதும் சிரிப்பு போய்விட்டது. கடைக்கோடியில் தண்ணீர்தான் தெரிந்தது, நாற்றின் நுனி மட்டும் அங்கங்கே. புது நடவு, இப்படியே கிடந்தால் அழுகிவிடும். கைலியை மடித்துக் கட்டி, மோட்டார் கொட்டகையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டேன். பள்ளிவாசலில் கூடித் தொழும் ஜமாஅத் தவறிப்போயிற்று. கை கால் கழுவிக் கொட்டகையிலேயே தனியாகத் தொழுதேன். அந்த அக்காவின் பயிருக்காகத்தான் அன்று கேட்டேன்.

கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“எதுல வெச்சிருக்கீங்க?”

“எவர்சில்வர் டப்பால.”

“அதுக்குள்ள சிக்னல் நுழையாதுங்க. போன்ல பழைய அளவேதான் நிக்கும். பிளாஸ்டிக்ல வைங்க.”

அக்காவிடம் போய்ச் சொன்னேன். “நானே என் வயல் வாயைப் பொத்திட்டேனே பாய்.”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான்க்கா பொத்தினோம்.”

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனமில்லை. என் மனைவி நெய்ச்சோறு வைத்து அனுப்பினாள்.

பள்ளமான ஒரு மூலை அழுகிப்போனது. மற்றதெல்லாம் இறைவன் அருளால் தலை நிமிர்ந்துவிட்டது. இப்போது பெட்டி யூரியா மூட்டையின் பிளாஸ்டிக் உள்பைக்குள் இருக்கிறது. கடைக்கோடியில் ‘கிக்’ கேட்காமல் நான் வண்டியை நகர்த்துவதில்லை. ஊருக்குள் திரும்பும்போது அக்கா போனோடு வாசலில் நிற்பார்.

“மூணு விரக்கடை பாய். போதும்ல?”

“போதும்க்கா” என்பேன்.