போணி ஆகும் முன்னே சொல்லாத சொல்

எனக்கு வாய் நீளம். இதை நான் சொல்லவில்லை. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் மேனேஜர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பழைய நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் ரெக்கார்டு அறையில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார். கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. பேச்சுத் துணைக்குப் பன்னிரண்டு அலமாரியும் ஒரு பல்லியும். மூன்றாம் மாதம் அந்தப் பல்லியும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே ஏழு வருடம் இருந்தேன். அதன் பிறகு, மேலே வாசலில் விசாரணை மேஜையில் இருந்த பெண் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகப் போவதாகச் செய்தி வந்தது. வருகிறவர், போகிறவர், அழுகிறவர், வழி தெரியாதவர் எல்லாரும் முதலில் வந்து நிற்கிற மேஜை அது. எனக்குச் சொர்க்கம் என்றால் அதுதான். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"குடுக்கலாம். ஆனா ஜனங்களோட பேசற வேலை. சைக்காலஜி ஒரு பேப்பராவது பாஸ் பண்ணியிருக்கணும்னு மேல சொல்றாங்க. பொங்கலுக்குள்ள மார்க்ஷீட் காட்டுங்க. இல்லன்னா வெளியிலருந்துதான் ஆள் எடுக்கணும்" என்றார்.

ஜனங்களோடு பேசுவதற்கு மார்க்ஷீட் வேண்டும் என்று எனக்கு நாற்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது. பிளஸ் டூ முடித்து இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு கல்லூரி ஆன்லைனில் நடத்தும் உளவியல் அறிமுக வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் திண்டிவனத்து வீட்டில் மீன் ஆய்கிற நேரம். துவரம்பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நெத்திலி தலையைக் கிள்ளிக்கொண்டே மனித மூளையின் பாகங்களைக் கேட்டேன். பாடம் எடுத்த மிஸ்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சென்னைப் பெண். நான் அவரை "மிஸ்" என்பேன், அவர் என்னை "மேம்" என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் "எல்லாரும் கேமரா ஆன் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். அறுபது பேர் என் நெத்திலியைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பாடம் 'கவனம்'.

மற்ற நாட்களில் படிப்பெல்லாம் ரயிலில்தான். காலையில் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் பாசஞ்சர், பெண்கள் பெட்டி. எங்களுக்கென்று ஒரு மூலை உண்டு. ஜன்னலோரம் பூக்காரக்கா, கூடையும் வாழைநாருமாக உட்கார்ந்து, விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பூவைக் கட்டி முடித்துவிடுவார். எதிரில் முண்டியம்பாக்கத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்சம்மா. நடுவில் நான்.

நான் என்ன படிக்கிறேன் என்று பூக்காரக்கா முதல் நாளே விசாரித்தார். "மனசைப் பத்திக்கா" என்றேன்.

"மனசப் படிக்கிறியா? அப்ப என் மருமவ மனச கொஞ்சம் படிச்சி சொல்லு. நானும் ஏழு வருசமா எழுத்துக்கூட்டிக்கினு கெடக்கறேன்."

இந்த மாதிரி வாசகங்களுக்காகவே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பாட நோட்டைவிட அது தடிமன்.

பரீட்சையைவிடப் பெரிய தலைவலி செய்முறை. மிஸ் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் அனுப்பினார். எல்லாம் சாதாரணப் பொருள்களின் பெயர். பத்துப் பேரிடம் தனித்தனியாக அதைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு அவர்கள் நினைவில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் வரும் சொற்களும் கடைசியில் வரும் சொற்களும் நன்றாக நினைவிருக்கும், நடுவில் உள்ளவை நழுவிவிடும் என்பது பாடம். எந்தச் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள் என்று வரைபடத்தில் கோடு போட்டால் கிண்ணம் மாதிரி வர வேண்டும். இதற்குப் பாதி மார்க். இதில் போனால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அந்த மேஜையில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

மிஸ் ஒரு விதியும் போட்டிருந்தார். சோதனை செய்யும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. என்னைப் பார்த்தே எழுதிய மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரயிலிலேயே சோதனையை வைத்துக்கொண்டேன். பத்துப் பெண்களும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பூக்காரக்கா மட்டும் கட்டைவிரலை உருட்டினார். ஒவ்வொருவராக என் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன்.

"துடைப்பம். படகு. கண்ணாடி. முறம்..."

கணீரென்றுதான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல். பத்துப் பேருக்கும் பத்து முறை.

ஒன்று கவனித்தேன். திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருத்தியும் ஒரு தரம் பூக்கூடைப் பக்கம் பார்த்தாள். பிறகு "படகு..." என்று தொடங்கினாள். முதல் சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வழக்கமான நானாக இருந்தால் "ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" என்று கேட்டு அங்கேயே தீர்த்திருப்பேன். இப்போது நான் ஆராய்ச்சியாளர். உதட்டை ஒட்டிக்கொண்டு பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று எழுதினேன். பூக்காரக்கா தன் முறை வந்தபோது பதினொரு சொல்லையும் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி பூக்கட்டப் போய்விட்டார். இறங்கும்போது "வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கோடு போட்டேன். மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. தொடக்கத்தில் மட்டும் கோடு தரையில் குப்புறப் படுத்திருந்தது. அது கிண்ணமில்லை, கைப்பிடி உடைந்த அகப்பை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் தங்கள் கோடுகளைப் போட்டிருந்தார்கள். அத்தனையும் ஒரே அச்சில் வார்த்த கிண்ணங்கள். ஒரு தம்பி, "ஆன்ட்டி, என்னோடத அனுப்பறேன், நம்பர மட்டும் மாத்திக்கோங்க" என்று எழுதினான்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "மொத கட்டத்துல ஒம்போதுன்னு போட்டுட்டுப் போவியா. ரயில்ல வந்து யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

பென்சிலால் ஒன்பது போட்டும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே சம்மதத் தாள் கிடந்தது. அதில் ஊதா மையில் அந்தக் கட்டைவிரல். ஒப்புக்கொண்டவர் ஒப்பித்தது ஒன்று, நான் எழுதுவது ஒன்றா? அழித்துவிட்டேன். பெரிய உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். அழித்ததிலிருந்து அனுப்பும் வரை பென்சிலைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

செய்முறையைப் பற்றி மிஸ் நேரில் கேள்வி கேட்பார், அதாவது வீடியோவில். எனக்குத் திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் என்று போட்டிருந்தார். அந்த நேரத்தில் நான் ரயிலில் இருப்பேன். எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி விக்கிரவாண்டியில் நின்றிருந்தபோது அழைப்பு வந்தது. என் இயர்போனில் ஒரு காது செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு மற்றதும் செத்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேம், உங்க கிராஃப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் வேர்டை பத்துல ஒருத்தர்கூட சொல்லல. மிடில்ல வர்றதெல்லாம் சொல்லியிருக்காங்க. இப்படி வராதே மேம்." கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நிஜமாவே டெஸ்ட் எடுத்தீங்களா?"

கிண்ணம் கிண்ணமாக அனுப்பியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி எனக்கு. வாழ்நாளில் எனக்குப் பேச்சு வராமல் போன சந்தர்ப்பங்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதில் இது ஒன்று. அந்த மேஜையும் நாற்காலியும் கோயம்புத்தூருக்கே போய்க்கொண்டிருந்தன.

நர்சம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "மிஸ், வணக்கம். அக்கா எடுத்தாங்க. நான்தான் நாலாவது ஆளு."

"ஓ. அப்ப ஃபர்ஸ்ட் வேர்டு உங்களுக்கு மறந்துடுச்சா?"

"மறக்கலயே."

"ஞாபகம் இருந்துதா? அப்ப ஏன் சொல்லல? சரி, இப்ப சொல்லுங்க."

நர்சம்மா கூடையைப் பார்த்தார். "இப்ப சொல்ல முடியாது மிஸ்."

"ஏன்?"

"இங்க குடு" என்று பூக்காரக்கா நார் சுற்றிய கையாலேயே போனைப் பிடுங்கினார். "ஏம்மா, நீதான் வாத்தியாரம்மாவா? சின்னப் புள்ளயா இருக்கற. நான் ஒண்ணு கேக்கறேன். இன்னும் போணி ஆவல. முழுக் கூடயும் அப்படியே கெடக்குது. மொத மொழம் விக்கறதுக்கு முன்னால அத வாயில எடுப்பாங்களா?"

"எதைம்மா?"

"அதத்தான்."

"எதுன்னு சொன்னாதானே எனக்குத் தெரியும்?"

"நீதானம்மா எழுதி அனுப்பன? என்னக் கேக்கற?"

பெட்டியே சிரித்தது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் பக்கத்துத் தண்டவாளத்தில் அலறிக்கொண்டு போனது. மிஸ்ஸின் முகம் வாய் பிளந்தபடி திரையில் உறைந்து நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மூலையில் காலையில் யாரும் பாம்பைப் பற்றிப் பேசுவதில்லை, எழவு வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பூக்காரக்கா முதல் முழத்தை விற்கும் வரை அந்தக் கூடை இருக்கும் இடத்தில் அப்படித்தான். ஆறு வருடமாக நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் பூவுக்கு என்றே ஏற்பட்ட நாளில், மனித மனத்தை ஆராய்கிறேன் பேர்வழி என்று அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்துத் தரம் கணீரென்று துடைப்பம் என்று ஏலம் போட்டிருக்கிறேன்.

"நீ கூடவா?" என்று நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் அதையெல்லாம் நம்புகிறவர் இல்லை.

"எனக்கு அதெல்லாம் கெடயாதுக்கா. வார்டுல நாளிக்கி இருவது வாட்டி அத எடுத்துக் கூட்டுங்கன்னு கத்தறவ நான். ஆனா இவங்க பூக்கூட விக்காம அப்படியே இருக்கும்போது எப்படி சொல்றது? அப்புறம் விக்கலன்னா என்னாலதான்னு சொல்லுவாங்க."

நான் பூக்காரக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "யக்கா, வெள்ளிக்கிழம யாவாரம் எப்படி?" என்றேன்.

"மழ பேஞ்சிது. பாதி அழுவிப்போச்சி."

"என்னாலயாக்கா?"

அவர் ஒரு கண்ணி போட்டு இறுக்கினார். "மழய வரவெக்கிற அளவுக்கு நீ பெரிய ஆளா? ஆனாலும் பேஜாரு புடிச்சவடி நீ. ஒரு வாட்டி சொன்னா போறான்னு வுடலாம். பத்து வாட்டியா?"

மிஸ் திரையில் உயிர்பெற்றார். முகம் மாறியிருந்தது. ரயில் இரைச்சலுக்கு நடுவே எவ்வளவு காதில் விழுந்ததோ, விஷயம் பிடிபட்டிருந்தது.

"அம்மா, சாயங்காலம் கேட்டா சொல்லுவீங்களா?"

"கூட காலியான பொறவு கேளு கண்ணு. ஆயிரம் வாட்டி சொல்றேன்."

மிஸ் எதையோ எழுதினார். "மேம், ஈவினிங் ஒரு தடவை எடுங்க. மத்த வேர்டெல்லாம் மாத்தி அனுப்பறேன், ஃபர்ஸ்ட் மட்டும் அதேதான். புதன்கிழமைக்குள்ள ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க." வைப்பதற்கு முன், "சாரி மேம்" என்றார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் திரும்பும் வண்டியில் அதே பத்துப் பேர். பூக்கூடை காலியாக, வாழைநார் மட்டும் சுருண்டு கிடந்தது. இந்தத் தடவை முதலில் பூக்காரக்காவிடம் உத்தரவு வாங்கினேன். "ஆரம்பி. ஜல்தியா முடி, பேரணி ஸ்டேஷன் வந்தா நான் கொஞ்சம் கண்ண மூடணும்" என்றார்.

ஒன்பது பேர் எடுத்ததுமே துடைப்பம் என்றார்கள். பூக்காரக்கா "தொடப்பம், தொடப்பம், தொடப்பம்" என்று மூன்று தரம் சொல்லி, "வெள்ளிக்கிழம கடன் வெச்சதுக்கும் சேத்து எழுதிக்கோ" என்றார். பத்தாவது ஆள், கடைசி இருக்கை அம்மா, நிஜமாகவே மறந்துபோனார். அவர் ஒருவர்தான் பாடப் புத்தகத்துக்கு மரியாதை கொடுக்காதவர்.

காலைக் கோடு, மாலைக் கோடு இரண்டையும் அனுப்பினேன். ஐம்பத்து நான்கு மார்க் வந்தது; பாஸ் ஐம்பது. 'சூழ்நிலை கட்டுப்படுத்தப்படவில்லை' என்று மிஸ் குறித்திருந்தார். வாஸ்தவம்தான். அந்தப் பெட்டியை எந்த டிக்கெட் பரிசோதகராலும் கட்டுப்படுத்த முடிந்ததில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'இந்தப் பட்டியலின் முதல் சொல்லை இனி மாற்றிவிடுகிறேன்.' அதை மேனேஜரிடம் காட்டவில்லை. மார்க்ஷீட்டை மட்டும் காட்டினேன். நான்கு மார்க் அதிகமாக வாங்கியதற்கு இவ்வளவு பெரிய சிரிப்பா என்பதுபோல் பார்த்தார்.

பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை மேலே வந்தேன். ஜன்னல், வெளிச்சம், மனிதர்கள் வரப்போகும் வாசல். பூக்காரக்கா அன்று எனக்கென்று ஒரு முழம் தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தார், காசு வாங்கிக்கொண்டுதான். "நீயே எனக்குப் போணி பண்ணு, அப்பதான் உன் வாய்க்கு பயப்படாம இருக்கலாம்" என்று.

நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்து வைத்தேன். இன்னும் ஒரு நோயாளியும் வரவில்லை. துப்புரவு வேலை செய்யும் அம்மா அங்கும் இங்கும் தேடிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்றார். புது மேஜை, புது ஆள், முதல் நாள், காலை நேரம். என்னையும் மேஜையையும் ஒரு பார்வை பார்த்தார். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

"ஏம்மா, நேத்து இங்கதான் சாத்திட்டுப் போனேன். அத எங்கனா பாத்தியா?"

"மாடிப்படிக்குப் பின்னால இருக்குது, போய் எடுத்துக்கங்க" என்றேன்.