கருப்பு வெள்ளையில் கலர்

என் மனைவி பணி ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தபோது, அவளுடைய படத்தை அச்சடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. எச்.எம். அறைக்கு வெளியே சுவரில் அவளுக்கு முன்பிருந்த ஆறு பேரின் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஆறும் கருப்பு வெள்ளை. முதல் நான்கு பேரின் காலத்தில் கலர் படம் அபூர்வம். அடுத்த இரண்டு பேர் வரிசை கெட வேண்டாம் என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏழாவதாக இவள்.

"நீங்கதான் பெருசா பிரிண்டர் வாங்கி வெச்சிருக்கீங்களே" என்றாள். பிரிண்டர் வந்த நாளிலிருந்து அந்தப் 'பெருசா' எங்கள் வீட்டில் புழங்கும் சொல். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பி, திருநீர்மலைப் படிகளைப் பல கோணங்களில் எடுத்துத் தள்ளியிருந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், பெருமாளைக் கும்பிட வருகிறவர்களைவிட நான்தான் அங்கே அதிகம் வந்திருப்பேன் என்று சபையில் ஒரு பேச்சு இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. பார்த்தா நானா இருக்கணும்."

அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆறு பேரும் பவுடர் டப்பாவிலிருந்து நேராகச் சுவருக்குப் போனவர்கள் போல இருப்பார்கள். அதில் இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். ஒருவர் என் மனைவியைவிடக் கருப்பு. சுவரில் அவர் பால் மாதிரி இருக்கிறார். போன வருடம் ஆண்டு விழா நடனத்தில், நிறத்தைப் பார்த்துப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என் மனைவி சண்டை போட்டு முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பெண் சுவரிலிருந்த அந்த ஆறு படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்: "எச்.எம். ஆகணும்னா வெள்ளையா இருக்கணுமா மிஸ்?" "அப்போ நான் யாரு?" என்று இவள் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்க இன்னும் சுவத்துக்குப் போகலையே மிஸ்" என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் எடுப்பது சுலபமாக முடிந்தது. காலை வெளிச்சத்தில் பால்கனியில் நாற்காலி போட்டு, கைத்தறிப் புடவையில் உட்காரவைத்து எடுத்தேன். அச்சில்தான் வினை ஆரம்பித்தது. என் பிரிண்டரில் கருப்புக்கு மட்டும் நான்கு மை டப்பா உண்டு. பளபளப்புத் தாளுக்கு ஒரு கருப்பு, பளபளக்காத மேட் தாளுக்கு ஒரு கருப்பு, ஒரு சாம்பல், ஒரு வெளிர் சாம்பல். கருப்பில் இத்தனை வகை உண்டென்று ஒரு மிஷினுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்குப் பெண் பார்க்கும் பயோடேட்டாவில் எழுத 'மாநிறம்' என்ற ஒரே சொல்தான் தெரியும். அந்தச் சொல்லை என் கல்யாணத்தின்போது நானும் சளைக்காமல் பயன்படுத்தியவன்தான்.

திருநீர்மலைப் படிகள் சாம்பல் டப்பாக்களைக் குடித்து முடித்திருந்தன. கம்பெனி மை விலை அதிகம் என்று மலிவு மையும் நல்ல தாளும் வாங்க, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜி.எஸ்.எம். தேடிக் கிளம்பினேன். தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கு அது. எண் கூடக் கூடத் தாள் தடிமன். கேட்கிறவனுக்கும் கொஞ்சம் கனம் கூடும். குரோம்பேட்டையில் ரீஃபில் மை விற்கிற கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு எதுக்கு போட்டோ பேப்பரு? ஜெராக்ஸ் போட்டாலே பிளாக் அண்ட் ஒயிட்டுதானே."

எனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கிளாஸி எட்துக்கோ சார். இந்த மை கம்பெனி மை மாதிரியேதான் கீது" என்று பளபளப்புத் தாளையும் மையையும் பையில் போட்டார். கால் மணி நேரப் பேச்சுக்கு நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மையில் அந்தத் தாளில் வந்த முதல் பிரிண்டில் என் மனைவி பச்சையாக இருந்தாள். ஹால் டியூப் லைட்டில் பச்சை, ஜன்னல் ஓரம் கொண்டுபோனால் ரோஸ். சாம்பல் மையில் கலந்திருக்கிற நிறங்கள் வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி வேஷம் போடுகின்றன. அவள் படத்தைக் கையில் வாங்கி, ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து பால்கனிக்கும் நடந்து பார்த்தாள். "ரூமுக்கு ரூம் மாறுறேங்க. ஓணான்தான் இப்படிப் பண்ணும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

நிறமே வேண்டாம், கருப்பு மை மட்டும் போதும் என்று பிரிண்டருக்கு உத்தரவு போட்டு, கையிலிருந்த சாதா மேட் தாளில் அடித்தேன். பச்சை போய்விட்டது. ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "இப்போ அம்மை போட்டிருக்கு" என்றாள் அவள். ஒரு வாரம் போயிருந்தது.

அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு கம்பெனி மையையே வாங்கினேன். முழுக்கப் பருத்தியில் செய்த மேட் தாள் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். கை வைத்தால் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. பளபளப்பு கிடையாது, பச்சை கிடையாது, ரோஸ் கிடையாது. அடித்து ஒரு நாள் காயவிட்டு எடுத்துப் பார்த்தேன். சாம்பல் எல்லாம் சாம்பலாகவே இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

குறை ஒன்றுதான். மேட் தாள் மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரையில் தெரிகிற ஆழம் தாளில் வராது; கருப்பான இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவளுடைய கன்னத்து நிழலும் கழுத்தும் ஒன்றாகக் கிடந்தன. இதற்கு வழி, நிழல்களை முன்கூட்டியே கொஞ்சம் தூக்கிவிடுவது, அதாவது வெளுப்பாக்குவது. கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. எட்டு வரை நகர்த்தியதும் கன்னமும் கழுத்தும் பிரிந்துவிட்டன. வேலை முடிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பன்னிரண்டில் நன்றாக இருந்தது. பதினாறில் இன்னும் நன்றாக இருந்தது. இருபதில் நிறுத்திவிட்டு, தாளுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாட்டுவதற்கு நான்கு நாள் முன்பு ஊரப்பாக்கத்திலிருந்து என் தங்கை வந்தாள். படம் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. குனிந்து பார்த்தவள், மனதார, கள்ளம் கபடமில்லாமல் சொன்னாள்:

"அண்ணி, போட்டோல நல்லா கலரா இருக்கீங்க."

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல நம் ஊரில்தான் முடியும். கலர் என்றால் இங்கே ஒரே ஒரு கலர்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. தங்கைக்குக் காபி கொடுத்து, ரயிலுக்கு வழியனுப்பிவிட்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கலரை ஏத்தினீங்களா?"

"தாள் மையை இழுத்துக்கும்மா. ஏத்தித்தான் ஆகணும்."

"தாளுக்கு எவ்வளவு வேணும்?"

"எட்டு."

"நீங்க எவ்வளவு வெச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த ஸ்லைடர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாகப் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகியவள்.

"இருபது."

"மிச்சம் பன்னெண்டு யாருக்கு?"

வெட்கமாக இருந்தது. பச்சையும் ரோஸும் புள்ளியும் வந்தபோது மையைத் திட்டினேன், தாளைத் திட்டினேன், குரோம்பேட்டைக்காரரைத் திட்டினேன். இந்தப் பன்னிரண்டுக்குத் திட்ட வேறு ஆளில்லை. அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய்த் துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றே எட்டில் வைத்து மறுபடியும் அடித்தேன். படத்தில் அவள் இருந்தாள். பால்கனியில் அந்தக் காலையில் எப்படி இருந்தாளோ அப்படியே, மூக்குக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் அடர்ந்து, கண் மட்டும் பளிச்சென்று. காய்ந்ததும் எடுத்துப் பார்த்தாள். ஃபிரேம் கடைக்கு அவளே கொண்டுபோனாள்.

வழியனுப்பு விழா முடிந்ததும், படத்தைத் திறந்துவைக்கத் தாளாளர் வந்தார். ஆசிரியைகள், என்னைப் போன்ற ஒன்றிரண்டு வீட்டுக்காரர்கள், எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் எனத் தாழ்வாரம் நிறைந்திருந்தது. துணியை விலக்கினார். ஆறு வெள்ளை முகங்களுக்குப் பக்கத்தில் ஏழாவது வந்து நின்றது. கைதட்டினார்கள். தாளாளர் நல்ல மனிதர். எல்லோருக்கும் உதவி செய்ய நினைக்கிறவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேடம் போட்டோ கொஞ்சம் டார்க்கா விழுந்திருக்கு. மேல ஒரு எல்.இ.டி. லைட் போட்டுடலாம். சரியாயிடும்."

என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. "சார்கிட்ட கேளுங்க ஐயா, அவர்தான் பிரிண்ட் போட்டது" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். தாள், மை, வெளிச்சம் என்று கால் மணி நேரம் பேசுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் டார்க்கா விழல சார்" என்றேன். "அவங்க கருப்பு."

கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருடத்தில் அவளைப் பற்றி அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.