சனிக்கிழமை அண்ணன் சமைக்கிறான்

வெளிநாட்டில் பெரியம்மா மகன் இருக்கும் வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாள் என்றதும் அவளைப் பெற்றவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்த அண்ணனும் விமான நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். பெட்டியைத் தூக்கியதோடு சரி, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை.

முதல் வாரத்தில் அவள் நிறையக் கற்றுக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் நிற்கும் பேருந்து எது, துணி துவைக்கும் இயந்திரம் எந்தக் கிழமை காலியாக இருக்கும், தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுக்குச் சாவியை ஏன் கழுத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம். ஒன்றை மட்டும் அவமானப்பட்டுக் கற்றாள். அடுப்பில் எண்ணெய் வைக்குமுன் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறக்காமல் கடுகைப் போட்டாள். கூரையிலிருந்த புகைமணி அலற, நான்கு மாடிக் குடித்தனமும் வெறுங்காலோடு தெருவில் போய் நின்றது. அத்தனை பேர் நடுவிலும் அண்ணன் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினான்.

"என் மானத்தையே வாங்கிட்ட. ஒரு கடுகு தாளிக்கத் தெரியாதா உனக்கு?"

திட்டியவனுக்கு அந்த ஜன்னலின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனாலும் "தங்கச்சி கைப்பக்குவமே தனி" என்று ஒருநாள் சொல்லி வைத்தான். அந்த ஒற்றைச் சொல்லில் மூன்று வேளைச் சமையலும் அவள் தலையில் விடிந்தது. ஊரில் வெந்நீர்கூட வைத்தறியாதவள் அவள்.

செய்முறைத் தேர்வன்று காலை, கட்டிவைத்த டப்பாவைத் திறந்து பார்த்தான். "நேத்து வச்ச குழம்பா? புதுசா ஏதாவது பண்ணு" என்றான். மூத்தவன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாததால் பண்ணினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி வழியே அவளுடைய மேசை மட்டும் காலியாகத் தெரிந்தது. சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னபோது அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவை என்பது ஒரே ஒரு தடவைதான். அதையும் விட்டால் ஒரு வருடப் படிப்பு போச்சு. அன்றிலிருந்து அவள் அவனிடம் குறை சொல்வதை விட்டாள். சிரித்த முகமாகப் பரிமாறினாள், உள்ளுக்குள் கருவினாள். ஒவ்வொரு வெங்காயத்தையும் அவனை நினைத்தே நறுக்கினாள்.

வழி பெரியம்மாவின் போன் மூலமாகவே வந்தது. "உங்க அண்ணனுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கும்மா. பையன் தானே சமைச்சுச் சாப்பிடறான்னு சொன்னதும் பொண்ணு வீட்ல ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உனக்கும் அவன்தானே ஆக்கிப் போடறான்?"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. குரலில் மட்டும் தேன் வழிந்தது.

"ஆமா பெரியம்மா. சனிக்கிழமை காலைல சமைக்கும்போது வீடியோவுல கூப்பிடுங்க. அவங்களும் பாக்கட்டும்."

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் அவளுடைய மறுதேர்வு.

விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. அவளுக்குத் தேர்வு இருப்பது அவனுக்கு நினைவேயில்லை. "நீ போனுக்குப் பின்னாடி நின்னு சைகை காட்டு, போதும்" என்றான்.

"சரிண்ணா" என்றாள்.

சனிக்கிழமை காலை காய்களைக் கழுவி, நறுக்கி, வரிசையாக எடுத்து வைத்தாள். ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒன்பது மணிக்குப் போன் ஒலித்தது. ஒரு பக்கம் பெரியம்மா, இன்னொரு பக்கம் பெண்ணும் அவளைப் பெற்றவர்களும். அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு கரண்டியைப் பிடித்தான். அவள் ஆய்வுக்கூடக் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் பார்க்கும்படி முன்னால் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான், சிரிப்பை விடாமல்.

"பரீட்சைண்ணா. நீங்க சமைங்க."

போனில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. கதவு அவள் பின்னால் தானே பூட்டிக்கொண்டது.

மிச்சத்தைச் சாயங்காலம், அதே வீட்டில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி சொன்னாள். காய்ந்த எண்ணெயில் ஈரக் காயை அப்படியே கொட்டியிருக்கிறான். புகைமணி அலற, குடித்தனம் முழுக்க மறுபடி தெருவில். போனைக் கையில் பிடித்தபடி அவனும் நின்றிருக்கிறான். அதற்குள்ளிருந்து பெண்ணின் அப்பா பணிவாகக் கேட்டாராம், "தம்பி, ஜன்னலைத் திறக்கலியா?" யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்கள்.

அவள் கேட்டுக்கொண்டே நிதானமாகக் கோட்டை மடித்து வைத்தாள். தேர்வில் ஒரு கேள்வியையும் விடவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த முள் வெளியே வந்திருந்தது. அவன்மேல் பரிதாபமே தோன்றவில்லை.

அடுப்படியில் அண்ணன் கரிபிடித்த வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"வேணும்னுதானே பண்ணின? நல்ல இடம் கைவிட்டுப் போச்சு."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடுங்கண்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."